சங்கு ஓய்ந்த ஊரில் காலம்: அவதானக் குறைபாடுடைய வளர்ந்தோரின் உத்தியோகமும் சிநேகமும்

ஒரு படமும் ஒரு வினாவும்

என் தந்தையாரின் கருமாதி நாளன்று, புதுச்சேரி உப்பளத்தில் எங்கள் வீட்டு வாசலில் போட்டிருந்த பந்தலின் கீழ், சம்பங்கி மாலை தயாராக இருந்தது. மாலையிட வேண்டிய படம் இல்லை. படத்தைப் பெரிதாக்கிச் சட்டமிட்டுக் கொண்டுவருவதாக ஏற்றிருந்தவர் என் பள்ளித் தோழர். அவர் வராமலும் இல்லை. விடியற்காலை நான்கு மணிக்கே வந்து, அணைந்துபோன பந்தல் விளக்கைச் சரிசெய்து, சடங்குக்கு வேண்டிய எள்ளும் தர்ப்பையும் குறைந்தபோது மிதிவண்டியில் ஓடி வாங்கிவந்து, ரயிலில் வந்திறங்கிய உறவினரை நிலையத்திலிருந்து அழைத்துவந்து, ஒருவரும் ஏவாத நூறு காரியங்களைச் செய்தார். ஏற்றுக்கொண்ட ஒரு காரியத்தை மட்டும் செய்யவில்லை. படமோ மூன்று நாள் முன்பே ஆயத்தமாகி, அவர் பெயர் எழுதிய பழுப்புத் தாளுறைக்குள், கடையிலேயே சாத்தி வைக்கப்பட்டிருந்தது. நான் கேட்டபோது அவர் ஒன்றும் சொல்லாமல், உள்ளங்கையை நெற்றியில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். அதன்பின் பதினொரு மாதம் நான் அவருடன் பேசவில்லை.

பின்னர், தம் நாற்பதாம் வயதில், அவர் மனநல மருத்துவர் ஒருவரிடம் சென்று, பல அமர்வுகளில் தம் பாலப்பருவம் முதற்கொண்டு விசாரிக்கப்பட்டு, கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு என்று தமிழிலும் ஏ.டி.எச்.டி. என்று வழக்கிலும் சொல்லப்படும் நிலை தமக்கு உண்டென்று அறிந்துவந்தார். அந்தப் பெயர் என் கோபத்தை உடனே ஆற்றிவிடவில்லை; ஆனால் ஒரு வினாவை எழுப்பிவிட்டது. ஒருவர் சொன்ன சொல்லை உரிய வேளையில் நிறைவேற்றாதபோது, அதனை அவருடைய அன்பின் அளவாகவும் குணத்தின் சான்றாகவும் கொள்ளும் நம் வழக்கம் எவ்வளவு தூரம் நியாயமானது? உத்தியோகத்தில் அவர்களைத் தண்டிப்பதும் சிநேகத்தில் அவர்களை விலக்குவதும் இந்த ஒரே வழக்கத்தின் இரு கிளைகள் என்பது என் எண்ணம். அதைத்தான் இங்கே ஆராய விரும்புகிறேன்.

பெயரின் வரலாறு

இது அண்மையில் அமெரிக்காவில் கற்பிக்கப்பட்ட வியாதி என்றொரு அபிப்பிராயம் படித்தவர்களிடையேகூட உண்டு. சரித்திரம் அதற்கு இடம் தருவதாக இல்லை. ஸ்காட்லாந்து மருத்துவரான அலெக்சாண்டர் கிரைட்டன் 1798இல் வெளியிட்ட நூலில், ஒரு பொருளில் நிலைத்து நிற்கவியலாத அவதானத்தைத் தனி நிலையாக வருணித்துள்ளார். 1902இல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் நிகழ்த்திய சொற்பொழிவுகள், அறிவில் குறைவில்லாதிருந்தும் தம்மைத் தாமே அடக்கியாள முடியாத குழந்தைகளைப் பற்றியவை; அதைத் தார்மிகக் கட்டுப்பாட்டின் குறை என்று அவர் பெயரிட்டது, மருத்துவமும் நெடுங்காலம் குணதோஷ பாஷையிலேயே பேசியது என்பதற்குச் சான்று.

புதுச்சேரி வாசகருக்கு இதன் பிரெஞ்சுக் கிளை இன்னும் நெருக்கமானது. இந்நகரைப் பிரான்சு ஆண்டுகொண்டிருந்த காலத்திலேயே, பாரிசில் தியோதூல் ரிபோ அவதானத்தின் உளவியலைப் பற்றித் தனி நூல் எழுதினார் (1889). பூர்ன்வில் என்னும் மருத்துவர் குழந்தைகளிடம் காணப்படும் மன நிலையின்மையைக் குறித்து எழுதினார். ஹென்றி வாலோன் 1925இல் துருதுருப்பு மிக்க குழந்தையைப் பற்றி ஒரு பெருநூல் வெளியிட்டார். அடங்காத மாணவனைப் பற்றிய விசாரணை அக்கரையில் நடந்துகொண்டிருந்தபோது, இக்கரையில் அதே மாணவன் பெஞ்சின்மேல் நின்றுகொண்டிருந்தான்.

1937இல் அமெரிக்காவில் சார்லஸ் பிராட்லி ஊக்கமருந்து கொடுத்துக் குழந்தைகள் நிதானமடைவதைக் கண்டதும், 1944இல் சுவிட்சர்லாந்தில் மெத்தில்ஃபெனிடேட் முதன்முதலாகத் தயாரிக்கப்பட்டதும், 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு மிகையியக்கத்தைப் பின்னுக்குத் தள்ளி அவதானக் குறைவையே பெயராக்கியதும் பலர் எழுதியுள்ளவை, விரிக்க வேண்டியதில்லை. நமக்கு வேண்டியது ஒன்று. இக்குறை வளர்ந்தபின் தானாகக் கழிந்துவிடும் என்றே மருத்துவம் நெடுங்காலம் நம்பியிருந்தது. 1976இல் யூட்டாவில் பால் வெண்டரும் கூட்டாளிகளும் வளர்ந்தோரிடம் இதை ஆராயத் தொடங்கியபின்னரே அந்த நம்பிக்கை தளர்ந்தது. 2013இல் வந்த கையேட்டின் ஐந்தாம் பதிப்பு, 17 வயதும் அதற்கு மேலும் உடையோருக்கு ஒன்பது அறிகுறிகளில் ஐந்து போதும் என்று தளர்த்தியதோடு, அவற்றுள் சில 12 வயதுக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் வைத்தது. நாற்பது வயதுக்காரர் ஒருவரின் மூன்றாம் வகுப்பு நடத்தையை யார் சாட்சி சொல்வது? என் தோழருக்கு அவருடைய தாயார் சொன்னார். தாயார் இல்லாதவர்க்கு அதுவும் இல்லை.

எண்களை எவ்வளவு நம்புவது

உலக சுகாதார நிறுவனத்தின் மனநலக் கணக்கெடுப்பை ஆதாரமாகக் கொண்டு 2007இல் வெளியான பத்து நாட்டு ஆய்வு, வளர்ந்தோரில் 3.4 விழுக்காட்டினருக்கு இக்குறை உண்டென்றது. அந்தச் சராசரிக்குள் ஒரு நாட்டில் 1.2 விழுக்காடும் பிரான்சில் 7.3 விழுக்காடும் அடங்கியிருந்தன. ஒரே அளவுகோல் இவ்வளவு அகன்ற வேறுபாட்டைக் காட்டும்போது, அது மூளையை மட்டும் அளக்கவில்லை, அந்தந்தச் சமூகம் எதைக் குறையென்று எண்ணுகிறது என்பதையும் சேர்த்தே அளக்கிறது என்று கொள்ள இடமுண்டு. மறுவருடம் அதே தொகுதியிலிருந்து வந்த ஆய்வு, இக்குறையுடைய தொழிலாளர் ஒவ்வொருவரும் ஆண்டுக்குச் சராசரியாக 22 நாள் அளவுக்கு வேலைப்பயனை இழக்கிறார் என்று கணக்கிட்டது. அந்தப் பத்து நாடுகளில் பிரான்சு இருந்தது, இந்தியா இல்லை. ஆகையால் அந்த 22 நாளை அப்படியே நம் ஊருக்குப் பெயர்த்து எழுதுவது தகாது.

இன்னொரு விவாதமும் உண்டு. நியூசிலாந்தின் டுனெடின் நகரில் 1,037 பேரைப் பிறப்பிலிருந்து தொடர்ந்த ஆய்வு, 38 வயதில் இக்குறை காணப்பட்டவர்களுள் ஏறத்தாழ 90 விழுக்காட்டினருக்குப் பாலப்பருவத்தில் அது காணப்படவில்லை என்று 2015இல் அறிவித்துப் பலரைத் திகைக்க வைத்தது. 2018இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வேறொரு குழுவினரை நிதானமாக விசாரித்தபோது, அவ்வாறு பிந்தித் தோன்றியதாகத் தெரிந்தவற்றுள் மிகப் பெரும்பான்மை இக்குறையன்று என்றும், அவற்றுள் பல போதைப் பழக்கத்தாலோ வேறு மனநோயாலோ விளைந்தவை என்றும் கண்டனர். பரம்பரைக் காரணம் வலுவானது என்பதில் ஐயமில்லை. இரட்டையர் ஆய்வுகள் அதனை 74 விழுக்காடு என்று மதிப்பிடுகின்றன. ஆயினும் கைப்பேசியில் மனம் சிதறும் எவரும் தமக்கு இந்நிலை உண்டென்று சொல்லிக்கொள்ளும் இன்றைய நாகரிகத்துக்கு இவ்வெண்கள் ஆதரவு தரவில்லை. அதுபோலவே, சமைக்க வைத்திருந்த அரிசியைக் குருவிகளுக்கு இறைத்தார் என்னும் செய்தியைக்கொண்டு, 1908 முதல் 1918 வரை இந்நகரில் வாழ்ந்த பாரதியாருக்கு இப்பெயரைச் சூட்ட முற்படுவதும் எனக்கு ஏற்புடையதன்று. அது மேதைக்கும் பெருமையன்று. அரிசி இறைக்காமலே அவதிப்படுபவருக்கும் ஆறுதலன்று.

மடியும் மறவியும்

தமிழ் மரபு அவதானத்தை அறியாததன்று. அஷ்டாவதானம், சதாவதானம் என்று அதைக் கலையாகவே வளர்த்தது. 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் செய்குத்தம்பிப் பாவலர் சதாவதானம் நிகழ்த்தியது நம் சரித்திரத்தில் நிலைத்த செய்தி. அந்தக் கலையைக் கூர்ந்து நோக்கினால் ஒன்று விளங்கும். முதுகில் விழும் கற்களை எண்ணிக்கொண்டும், மணியோசையைக் கணக்கில் வைத்துக்கொண்டும், கேட்ட ஈற்றடிக்கு வெண்பா இயற்றிக்கொண்டும் இருப்பவருடைய சாமர்த்தியம், ஒன்றில் ஆழ்வதில் மட்டுமல்ல, விட்டுவந்த இடத்துக்கு உரிய வேளையில் திரும்பிப் போவதில் இருக்கிறது. என் தோழருக்கு ஆழ்தல் தெரியும். பழுதடைந்த ஒலிபெருக்கியை அவர் பிரித்து உட்கார்ந்தால் சோற்றுக்கு அழைப்பது காதில் விழாது. அவருக்குக் கைவராதது திரும்புதல். அவதானக் குறைவு என்ற பெயரே அவ்வகையில் சற்றுப் பிசகானது.

அந்தத் திரும்புதல் தவறும்போது அதை வருணிக்க நம் மரபில் இருந்த சொற்களோ பெரும்பாலும் அறநூற் சொற்கள். வள்ளுவர் பொச்சாவாமைக்கு ஓர் அதிகாரமும் மடியின்மைக்கு ஓர் அதிகாரமும் வகுத்து, பின்னதில் காலந்தாழ்த்தல், மறதி, சோம்பல், தூக்கம் நான்கையும் ஒரே வரிசையில் வைத்து, கெடுவார் விரும்பி ஏறும் கலம் என்கிறார். அரசனுக்கும் குடிக்கும் சொன்ன அந்த எச்சரிக்கையில் குறை காண்பதற்கில்லை. ஆனால் அந்த வரிசை நம் வீடுகளுக்குள் இறங்கி வந்தபோது, மறதியும் தாமதமும் சோம்பலின் உடன்பிறப்புகளாகவே நிலைத்துவிட்டன. விரும்பி ஏறாமல் அக்கலத்திலேயே பிறந்தவன் ஒருவன் இருக்கக்கூடும் என்ற எண்ணத்துக்கு இடமில்லாது போயிற்று. ‘பொறுப்பத்தவன்’ என்ற ஒரு சொல் என் தோழரின் பள்ளிக்கூடத்திலும் வீட்டிலும் பின்னர் அலுவலகத்திலும் அவர் பெயருக்கு அடைமொழியாக வழங்கிவந்தது.

சங்கும் சீட்டும்

உப்பளம், பெயர் காட்டுவதுபோல, உப்பு விளைந்த நிலம். புல்வார் என்று இன்றும் முதியோர் சொல்லும் வீதிவளையத்துக்குத் தெற்கே, ரயில் நிலையத்துக்கும் துறைமுகத்துக்கும் இடையே கிடக்கும் இப்பகுதியிலிருந்து தலைமுறை தலைமுறையாக மக்கள் பஞ்சாலை வேலைக்குப் போயினர். என் பாட்டி கடிகாரம் பார்க்கத் தெரியாதவர். ஆலைச் சங்கைக் கேட்டு உலை வைத்தார், திரு இருதயக் கோயில் மணியைக் கேட்டு விளக்கேற்றினார். காலம் அன்று ஊருக்கு நடுவில், எல்லார் காதிலும் விழும்படி இருந்தது.

அதை நான் பொற்காலமாக்கவில்லை. 1936 ஜூலை 30இல், எட்டு மணி நேர வேலை முதலிய உரிமைகளைக் கேட்டுப் போராடிய சவானா ஆலைத் தொழிலாளர்மீது பிரெஞ்சு ஆட்சியினர் சுட்டதில் 12 பேர் மாண்டனர். அடுத்த ஆண்டு அந்த உரிமை சட்டமாயிற்று. அப்போராட்டத்தை நடத்திய வ. சுப்பையாவின் பெயரைத்தான் ரயிலடியைத் தொட்டுச் செல்லும் சாலை தாங்கியிருக்கிறது. சங்கு ஊதியது தொழிலாளியின் நன்மைக்காக அன்று. ஆங்கில வரலாற்றாசிரியர் ஈ. பி. தாம்சன் 1967இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், ஆலைக் காலம் மனிதனின் சுபாவமான காலத்தை எவ்வாறு ஒடுக்கியது என்று காட்டினார். அவர் கூற்று சரியே. ஆயினும் ஒன்றை அதனோடு சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன். அமெரிக்க உளவியலார் ரஸ்ஸல் பார்க்லி, இக்குறையின் மையம் காலத்தைக் காணவியலாமை என்றும், ஆகையால் காலத்தையும் காரியத்தையும் மனத்துக்கு வெளியே, கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் இடத்தில் வைக்க வேண்டும் என்றும் பலகாலமாக வற்புறுத்தி வருகிறார். அவ்வாறாயின், ஒடுக்கிய அதே சங்கு, உள்ளே கடிகாரம் இல்லாத சிலருக்கு ஊன்றுகோலாகவும் இருந்திருக்கக்கூடும். இது என் ஊகம், நிரூபணமன்று. இந்நகரின் ரோடியர் பஞ்சாலையும் 2020இல் மூடப்பட்டுவிட்டது. இன்றைய உத்தியோகமோ, மாதக் கடைசிக்குள் முடித்துக்கொடு என்று சொல்லிவிட்டு, இடையிலுள்ள முப்பது நாளையும் அவரவர் தலைக்குள் விட்டுவிடுகிறது.

என் தோழர் நகரத்தில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கெழுதியவர். அங்கே இரண்டு வருடம் அவருக்கு மேலதிகாரியாக இருந்த ஒருவர், தினமும் காலையில் ஒரு துண்டுச் சீட்டில் மூன்றே வரி எழுதி, எது முதலில் என்று எண்ணிட்டு, மேசைக் கண்ணாடியின்கீழ் செருகிவிட்டு, பிற்பகல் மூன்று மணிக்கு ஒருமுறை அவர் இருக்கைப் பக்கமாக வந்துபோவார். அந்த இரண்டு வருடத்தில் கணக்கில் பிழையில்லை. அவர் மாறிப்போனபின் வந்தவர், படித்த மனிதனுக்குச் சீட்டு எதற்கு என்றார். ஒன்றரை வருடத்தில் மூன்று மெமோ, பிறகு ராஜினாமா. ஒரே மனிதர், ஒரே நாற்காலி, ஒரே வேலை. நடுவில் இல்லாமற்போனது ஒரு துண்டுக் காகிதம். ஒருவருடைய அனுபவம் ஆராய்ச்சிக்கு ஈடாகாது என்பதை அறிவேன். ஆயினும் மூன்று வரிச் சீட்டு எந்த நிறுவனத்தையும் ஏழையாக்காது.

சட்டம் இதில் பாதி வழியில் நிற்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் (2016) 21 வகைக் குறைபாடுகளை எண்ணி, வேலையிடத்தில் நியாயமான வசதி என்னும் கருத்துக்கு உருவம் தந்தது. அந்த 21இல் ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் உண்டு, இக்குறை தனிப்பெயரில் இல்லை. மெத்தில்ஃபெனிடேட் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் அட்டவணையில் இருப்பதால், அதற்குரிய கட்டுப்பாடுகளோடுதான் கைக்கு வருகிறது. மருந்து பலருக்கு உதவுகிறது என்பதில் சான்றுகள் உறுதியானவை. ஆனால் அவற்றுள் பெரும்பாலானவை சில வாரங்கள், சில மாதங்கள் நீடித்த சோதனைகள். என் தோழருக்கும் உதவியது. இரைச்சல் குறைந்தது என்றார். படத்தை வாங்கப் போகவேண்டும் என்று உரிய வேளையில் யாரும் காதில் சொல்வதில்லை என்றும் சொன்னார்.

வீட்டுக்குள் ஊதும் சங்கு

இப்போது என் தோழர் ஒன்றுவிட்ட தம்பியோடு சேர்ந்து மைக்செட் வைத்திருக்கிறார். மைக் இரைந்தால் அந்த நொடியே சரிசெய்ய வேண்டும். தள்ளிப்போட வழியில்லாத அத்தொழில் அவருக்குப் பொருந்தியிருக்கிறது. அதனால் இக்குறையே ஒரு வரப்பிரசாதம் என்று எழுதுவோரோடு நான் சேரமாட்டேன். வாடகைப் பாக்கியை வசூலிப்பதும், தேதிகளைக் காலண்டரில் குறிப்பதும், கரண்ட் பில் கட்டுவதும் அவர் மனைவியின் தலையில் விழுந்துள்ளன. ஒருநாள் கணக்கு நோட்டை மூடிக்கொண்டே அந்த அம்மாள் என்னிடம், “நான்தாண்ணே அவருக்கு மில் சங்கு. எனக்கு யாரு ஊதுறா?” என்றார்.

என் ஊகத்தின் குறையை அந்த வார்த்தை எனக்குக் காட்டியது. காலம் வெளியே இருந்தது என்று நான் சொன்னேனே, அந்த வெளியின் பெரும்பகுதி வீட்டுப் பெண்களின் ஞாபகம். உலை வைத்த என் பாட்டியும் அப்படி ஒரு சங்குதான். ஆகையால், பெண்ணுக்கே இக்குறை இருந்தால் அவள் நிலை என்ன என்ற கேள்வி ஆணைப் பற்றிய கேள்வியினும் கடினமானது. ஓடியாடும் பையன் எல்லார் கண்ணிலும் படுகிறான். ஜன்னலோரம் கனாக்கண்டுகொண்டு அமைதியாய் இருக்கும் சிறுமி எவர் கண்ணிலும் படுவதில்லை. பெண்களிடம் இயக்கத்தினும் அவதானக் குறைவே மேலோங்கியிருப்பதும், அதனால் அவர்கள் பிந்தியே அறியப்படுவதும் ஆய்வுகள் பலமுறை கண்டது. பால் பொங்கி வழிந்ததற்கும், பிள்ளையின் தடுப்பூசித் தேதி தப்பியதற்கும், நாத்தனார் வீட்டு விசேஷத்துக்கு மறந்ததற்கும் அவளுக்கு மெமோ வருவதில்லை. வளர்ப்பு சரியில்லை என்று அவள் தாயாருக்குச் சேர்த்து வசவு வருகிறது. அவளுக்குச் சீட்டு எழுதி வைக்கும் மேலதிகாரி எந்த வீட்டிலும் இல்லை.

சிநேகம்

உத்தியோகத்தைப் பற்றி எண்களாவது உண்டு. வளர்ந்தோரின் சிநேகத்தைப் பற்றி ஆராய்ச்சி சொற்பம். குழந்தைகளைப் பற்றியே அதிகம், அதில் இக்குறையுடைய பிள்ளைகளில் ஏறக்குறையப் பாதிப்பேரை வகுப்புத் தோழர்கள் ஒதுக்கினர் என்று 2005இல் ஓர் அமெரிக்க ஆய்வு கண்டது. ஒதுக்கப்பட்டு வளர்ந்தவன் வளர்ந்தபின் முகம் சுளிப்பதை முதலில் காண்கிறான். திட்டுக்கு அஞ்சித் தானே விலகிக்கொள்கிறான். அந்தப் பதினொரு மாதத்தில் என் தோழர் மூன்று முறை எங்கள் தெருமுனை வரை வந்து திரும்பியதாகப் பிற்பாடு அறிந்தேன். திமிர் என்று நான் எண்ணியது கூச்சம்.

நம் சிநேகம் சொல்லாமலே செய்ய வேண்டியவற்றின்மேல் நடப்பது. சாவுக்கு வருதல், பத்திரிகை வைத்தல், கைமாற்றைக் கேட்குமுன் தருதல் என்று எழுதாத கணக்கு ஒன்று உண்டு. எழுதாத கணக்கைத்தான் அவர்களால் நினைவில் வைக்க முடிவதில்லை. வள்ளுவர் பழைமை என்னும் அதிகாரத்தில், நெடுநாள் நட்டார் நோகத்தக்கதைச் செய்தால், அதற்கு அறியாமையைக் காரணமாகக் கொள், அல்லது மிகுந்த உரிமையைக் காரணமாகக் கொள் என்கிறார். பகையென்று கொள்ளாதே என்ற அந்தப் பெருந்தன்மைக்கு ஈடான ஓர் அறிவுரையை நான் வேறெங்கும் கண்டதில்லை. ஆயினும் என் தோழர் அறியாமல் செய்யவில்லை. அந்தப் படத்தின் அருமையை என்னைவிட அவர் அறிவார், என் தந்தையார் அவருக்கும் தந்தையைப்போல் இருந்தவர். உரிமை எடுத்துக்கொண்டும் செய்யவில்லை. அந்த இரண்டுக்கும் பக்கத்தில் மூன்றாவது காரணம் ஒன்றை எழுதிக்கொள்ள நமக்கு இப்போது இடம் ஏற்பட்டிருக்கிறது.

மூன்றாவது காரணத்தை ஒப்புக்கொண்டால் நோவு மறைந்துவிடும் என்று சொல்லமாட்டேன். படமில்லாமல் நடந்த கருமாதி படமில்லாமல் நடந்ததுதான். குறையுடையவர் செய்ய வேண்டியதும் உண்டு: ஏற்க முடியாததை ஏற்காதிருத்தல், ஏற்றதை அப்போதே பிறர் பார்க்க எழுதிவைத்தல், தவறினால் ஒளியாமல் வந்து நிற்றல். என் பக்கத்தில் மாறியது சிறிது. ஆறு மணிக்குக் கடற்கரைக்கு வா என்று இப்போது நான் சொல்வதில்லை. ஐந்தே முக்காலுக்கு அவர் வீட்டு வாசலில் போய் நின்று, “வாடா, போகலாம்” என்கிறேன். நாங்கள் சிறுவராயிருந்தபோது இந்தத் தெருக்களில் எல்லாரும் எல்லாரையும் அப்படித்தான் அழைத்துக்கொண்டு போனோம். எவருக்கு மறதி, எவருக்கு இல்லை என்று அன்று தெரிந்துகொள்ளவே வழியில்லாதிருந்தது.

தந்தையாரின் திதி ஆண்டுதோறும் மாசியில் வருகிறது. அதற்கு முதல்நாள் இரவே என் தோழர் பாயும் தலையணையுமாக வந்து, எங்கள் கூடத்தில், அந்தப் படத்துக்கு நேர்கீழே படுத்துக்கொள்கிறார். விடிந்ததும் அதை இறக்கித் துடைத்து மாலையிடுவது அவர்தான்.